கினிபிக்குக்கு மீதிச் சோறா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் சிறுவர் பக்கத்தில் கினிபிக் (எலி, அணில் இனத்தைச் சேர்ந்த, வாலில்லாத சிறு வளர்ப்புப் பிராணி) வளர்ப்பு பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படம் நன்றாக இருந்தது. படத்துக்குக் கீழே இப்படி ஒரு வசனம்: "விடுமுறைக்குக் குட்டி ஒன்றை வாங்கிப் பழைய கிளிக்கூட்டில் விடுங்கள், மீதிச் சோறும் பாணும் தின்று தானாக வளர்ந்துவிடும்." எழுதியவர் கினிபிக்கை எங்கே பார்த்தாரோ தெரியவில்லை. படத்தில் பார்த்திருக்கலாம்.

தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அது புல் தின்னும் சாதி. அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கப் புல்லை மென்றால்தான் பல்லும் தேயும், குடலும் வேலை செய்யும். அதோடு, எங்கள் உடம்பைப் போலவே அதன் உடம்பும் விற்றமின் சி-யைத் தானாக உண்டாக்காது. தினமும் தின்னும் தீனியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். சோற்றிலும் பாணிலும் அது எங்கே இருக்கிறது?

இதை நான் புத்தகம் பார்த்து எழுதவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் மேல்மாடியில் இருந்தவர்கள் கனடா போகும்போது, தாயும் குட்டிகளுமாகக் கூட்டை எங்கள் கதவடியில் வைத்துவிட்டுக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். தாயின் மூட்டுகள் வீங்கியிருந்தன. தொட்டால் கத்தும். எழுந்து தண்ணீர்ப் போத்தல்வரை போகவே மாட்டாது. அதுவும் சோறும் பாணும் தின்று "தானாக வளர்ந்த" ஒன்றுதான். கொய்யாப்பழமும் குடைமிளகாயும் கொடுத்து, என் கணவர் வெறுங்காணியில் கினிப்புல் அறுத்து வந்து (காவல்காரர் அவரைக் கள்ளன் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது வேறு கதை) மெல்ல மெல்லத்தான் அது நடக்கத் தொடங்கியது. அதற்குள் அடுத்த பிரசவமும் வந்துவிட்டது. குட்டி போட்ட சில மணித்தியாலங்களிலேயே மறுபடி சினைப்படக்கூடிய பிராணி அது. மேல்மாடிக்காரர் ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டில் வைத்திருந்திருக்கிறார்கள். கடைக்காரர் அவர்களிடம் இரண்டும் பெட்டை என்றுதானாம் சொன்னார்.

குட்டிகளைப் பற்றித் தங்கள் கட்டுரை சொன்னதெல்லாம் "மிக அழகானவை" என்பது மட்டும்தான். கண் திறந்து, மயிரும் பல்லுமாகத்தான் அவை பிறக்கும். மறுநாளே புல்லைக் கடிக்கும். இதைச் சாட்டாக வைத்துத்தான் சந்தையில் ஒரு கிழமைக் குட்டியைக்கூடத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். மூன்று கிழமையாவது தாய்ப்பால் வேண்டும். மூன்று கிழமை முடிந்த கையோடு ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் தாயையே சினைப்படுத்திவிடும். சிறுவர் பக்கத்தில் இதை எப்படி எழுதுவது என்பது தங்கள் பாடு.

நோய் வந்தால் படும் பாடு அதைவிட மோசம். குட்டி ஒன்று தீனி எடுக்காமல் கிடந்தபோது நான் தூக்கிக்கொண்டு போன இடத்தில், "இதுக்கு எதுக்கம்மா மருந்து, புதுசா ஒண்டு வாங்கலாமே" என்று சிரித்தார்கள். ஒரு நாள் தீனி எடுக்காவிட்டாலே கினிபிக்கின் குடல் நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் வேண்டாவெறுப்பாக அமொக்சிசிலின் என்ற கிருமிகொல்லி மருந்துப் பாணியை நீட்டினார்கள். கினிபிக்குக்கு அதை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, பிராணியும் செத்துவிடலாம். நல்லகாலம், என் மகள் தொலைபேசியில் தடுத்தாள்.

மகள் சூரிச்சில் இருக்கிறாள். அங்கே 2008 முதல் கினிபிக்கைத் தனியாக வளர்க்கச் சட்டம் விடாது, துணை இருக்கவே வேண்டும். தாங்கள் இங்கே "குட்டி ஒன்றை" வாங்கச் சொல்கிறீர்கள். இங்கே இருப்பதோ 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதில் எழுதிய தண்டம் 100 ரூபா. இன்று அதற்கு ஒரு கொத்து ரொட்டியும் வராது. 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்து கொடுத்த மிருகநலச் சட்டமூலம் வருடக்கணக்காக மேசை மேசையாகத் திரிந்ததைத் தங்கள் பத்திரிகை எத்தனை தரம் எழுதியது? ராசிபலனுக்கு மட்டும் வாராவாரம் முழுப் பக்கம் கிடைக்கிறது.

கொழும்பு வெயிலைப் பற்றியும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைக் குளிரில் பிறந்த சாதிக்கு எங்கள் மேற்குப் பார்த்த பல்கனி அடுப்புதான். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டில், மின்விசிறியும் இல்லாமல், அயல் வீடுகளில் ஐஸ் கட்டி இரந்து வாங்கித் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைத்தோம். காஸ் வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தானாக வளரும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் நாங்கள் இல்லை.

முன்பு வட்டக் கண்ணாடிக் குடுவையில் மீன் வளர்க்கச் சொன்னபோதும் தங்களுக்கு எழுதினேன். அதைப் பாதியாக வெட்டி, "குடுவையில் மீன் அழகு" என்ற வரியோடு நிறுத்திப் போட்டீர்கள். நான் சொல்ல வந்தது அதற்கு நேர்மாறு. அந்தப் பெருந்தன்மையை இன்றும் மறக்கவில்லை.

ஆகையால் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மன்னிப்பும் வேண்டாம். அடுத்த ஞாயிறு அதே சிறுவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இதைப் போடுங்கள்: கினிபிக்குக்குச் சோறும் பாணும் கொடுக்க வேண்டாம். புல் எப்போதும் இருக்க வேண்டும், தினமும் ஒரு துண்டு கொய்யா அல்லது குடைமிளகாய் வேண்டும். மூன்று கிழமைக்குக் குறைந்த குட்டியை வாங்க வேண்டாம். தனியாகவும் வளர்க்க வேண்டாம். ஆணா பெண்ணா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு நம்பாமல், தெரிந்த மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இடம் போதாவிட்டால் ராசிபலனைப் பற்றி நான் எழுதியதை வெட்டுங்கள். கொய்யாவையும் புல்லையும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6