சரிசெய்யப்படாத பச்சிளங்குழந்தைப் பயிற்சிப் பொம்மை குறித்துப் புகார்

அனுப்புநர்: செவிலியப் பயிற்றுநர், உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிறந்தவுடன் அழாமலும் மூச்சு விடாமலும் கிடக்கும் குழந்தைக்கு மாஸ்க் பொருத்திய, கையால் அழுத்தும் காற்றுப் பையான ஆம்பு பேக்கால் மூச்சுக் கொடுக்கச் செவிலியர்களைப் பழக்குவதற்காகத் தங்களிடம் கடந்த ஜூன் மாதம் வாங்கிய பொம்மையும், அதனுடன் வந்த அளவு காட்டும் கருவியும் இரண்டாவது வாரத்திலிருந்தே பொய் சொல்கின்றன. மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்து அழுத்தினாலும் காற்று சரியாக உள்ளே போகிறது என்று காட்டும் பச்சை விளக்கே எரிகிறது. இது என்ன கோளாறு என்பது தங்களுக்குத் தெரியாமலிருக்க வழியில்லை.

இதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்குப் பேருந்திலும், அங்கிருந்து ஆட்டோவிலுமாக நான்கு முறை தங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்துவிட்டேன். நான்காம் முறை, முகப்பில் இருந்த இளைஞர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பொம்மைதானே மேடம், நிஜக் குழந்தையா?" என்று கேட்டார். பிரசவ அறையில் 19 ஆண்டுகள் நின்ற என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது.

பிறந்த ஒரு நிமிடத்துக்குள் காற்று நுரையீரலுக்குப் போய்ச் சேர வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை என்ற கணக்கில் அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் கரும்பலகையில் எழுதியே சொல்லிக்கொடுத்துவிடலாம். பதற்றத்தில் மாஸ்க் நழுவி ஓரத்தில் காற்று கசிவதுதான் அழுத்துகிற கைக்குத் தெரிவதில்லை. அதைக் காட்டுவதற்காகத்தானே இந்தக் கருவியை விற்கிறீர்கள்? சென்ற மாதத் தேர்வில் ஒரு பெண்ணுக்குக் கடைசிவரை பச்சையே எரிந்தது. சந்தேகப்பட்டு மாஸ்க்கின் ஓரத்தில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று முழுவதும் என் கையில் அடித்தது. அதற்கு முன் தேறிப் போன இரண்டு அணியினரையும் மறுபடி அழைக்க வேண்டியதாயிற்று. என் வாழ்நாள் உழைப்பே இதனால் பாழாகிவிட்டது.

முதல் முறை வந்தபோது பில்லின் ஜெராக்ஸ் செல்லாது, அசல்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பியதைச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்றாம் முறை மாலை 5 மணிவரை உட்கார வைத்த பிறகுதான் இன்ஜினியர் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். இதைக் காலையில் சொல்லியிருந்தால் நான் வகுப்புக்காவது போயிருப்பேன்.

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. வாரண்டி முடியாத இந்தக் கருவியை 15 நாட்களுக்குள் மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்து, மன உளைச்சலுக்கு 5 லட்சம் ரூபாயும் கேட்பேன். ஐந்தாம் முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வருவதாக இல்லை. தாங்கள்தான் ஆள் அனுப்ப வேண்டும். அந்த இளைஞரை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்