மாற்று வாயுவுக்கு ஒப்பந்தப்புள்ளி எழுதும் பொறியாளர்களுக்கு

வணக்கம்.

சுவிட்ச்கியரில் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கருவிகளில்) மின்காப்புக்காக அடைக்கும் எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) வாயுவைக் கைவிட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நூறாண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைவிட 23,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குகிறது அது. 24 கிலோவோல்ட் வரையிலான புதிய சுவிட்ச்கியரில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2026 தொடக்கத்திலிருந்தே, சில விலக்குகளோடு, தடை போட்டுவிட்டது. என் கவலை வேறு. மாற்று வாயு என்றதும் நீங்கள் முதலில் கேட்பது, "எஸ்எஃப்6-இன் மின்காப்பு வலிமையில் எத்தனை சதவீதம்?" என்பதைத்தான். பல நேரம் அதோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

அந்த எண் மெருகேற்றிய மின்முனைகளுக்கு நடுவே, சீரான மின்புலத்தில் கிடைப்பது. அங்கே சாதாரண அழுத்தத்தில் காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட் தாங்கும், எஸ்எஃப்6 ஏறத்தாழ 9. ஓடும் எலெக்ட்ரான்களை எஸ்எஃப்6 மூலக்கூறுகள் பிடித்து வைத்துக்கொள்வதே காரணம். ஆனால் மின்புலம் அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலே பிடிபடுவதைவிடப் பெருகுவது மளமளவென்று கூடிவிடும். அதனால் ஒரு சின்னக் கூர்முனை போதும், அந்த இடத்தில் மின்முறிவு தொடங்க. அழுத்தத்தை ஏற்ற ஏற்ற இந்தக் கூச்சமும் ஏறும்.

அந்த முனை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பொருத்தும் வேலையிலிருந்துதான். போல்ட் முறுக்கும்போது உரிந்த, சில மில்லிமீட்டர் நீள அலுமினியச் சீவல் ஒன்று வாயு அடைத்த உலோக உறைக்குள், அடியில் கிடக்கிறது என்று வையுங்கள். மின்னழுத்தம் கொடுத்ததும் அது மின்னூட்டம் பெற்று எழுந்து நிற்கும், குதிக்கத் தொடங்கும். குதித்துக்கொண்டிருக்கும்வரை பகுதி மின்னிறக்க அளவியில் (முழு முறிவுக்கு முன் வரும் சிறு மின்னிறக்கங்களை அளக்கும் கருவியில்) சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பேசரின் (உள்ளே மின்கடத்தியைத் தாங்கும் காப்புத் துண்டின்) மேல் போய் ஒட்டிக்கொண்டால்தான் வம்பு. அப்போது சமிக்ஞை மிகவும் தணிந்துவிடும், சில நேரம் அளவியில் சிக்காது. அடுத்த மின்னல் அலை வரும்வரை எல்லாம் சரி என்றே தோன்றும். அப்புறம் பழி வாயுவின் மேல் விழும். அது பதில் பேசாது.

மாற்றாக வரும் வாயுக்களில் ஒன்றான ஃபுளோரோநைட்ரைல் தனியாக எஸ்எஃப்6-ஐப் போல் சுமார் இரு மடங்கு தாங்கும் என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான். ஆனால் சாதாரண அழுத்தத்திலேயே மைனஸ் 5 பாகை செல்சியஸ் வாக்கில் அது திரவமாகிவிடும். எனவே கார்பன் டை ஆக்சைடில் சிறு பங்காகக் கலந்துதான் அடைக்கிறார்கள், அழுத்தத்தையும் கூட்டுகிறார்கள். நீங்கள் வாங்குவது அந்தக் கலவையை.

ஆகவே ஒப்பந்தப்புள்ளியில் இவற்றையும் எழுதுங்கள். வேண்டுமென்றே உலோகத் துகள் போட்டுச் செய்த சோதனையின் முடிவு, அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அழுத்தத்தில், நேர், எதிர் என இரு துருவ மின்னழுத்தத் துடிப்புகளுக்கும். தளத்தில் பொருத்தி முடித்த பிறகு பகுதி மின்னிறக்க அளவீடு. தொழிற்சாலைச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. வாயு நிரப்பும் ஒவ்வொரு முறையும் கலவை விகிதப் பரிசோதனை, ஏனென்றால் அழுத்தமானி விகிதத்தைக் காட்டாது.

இவற்றைத் தர மறுக்கும் நிறுவனத்தின் விலைப்புள்ளியைத் திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மின்காப்புச் சோதனைக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவர்