ஓவிய வகுப்பில் டேப்லெட் மடிக்கணினி: பெற்றோர் கவனத்திற்கு

அன்புடையீர்,

வணக்கம். விசைப்பலகையைக் கழற்றிவிட்டால் சிலேட்டைப் போல மடியில் வைத்து வரையத்தக்க டேப்லெட் மடிக்கணினிகளை ஒன்பதாம் வகுப்பு ஓவியப் பிரிவு மாணவர்கள் இப்பருவம் முதல் பயன்படுத்துகிறார்கள். பள்ளியிடம் இருப்பவை ஆறு மட்டுமே. இருவருக்கு ஒன்று என முறைவைத்துத் தருகிறோம். தம் பிள்ளைக்கும் தனியாக வாங்க வேண்டுமா என்று பெற்றோர் சிலர் அலுவலகத்தில் விசாரித்ததாக அறிந்தேன். வேண்டியதில்லை.

சென்ற மாதம் மாணவர்களை வைசியாள் வீதிக்கு அழைத்துச் சென்றோம். பழைய வீடுகளைச் சீரமைத்ததற்காக 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது பெற்ற வீதி அது. கீழே திண்ணையும் தாழ்வாரமும் தமிழ் முறையில் இருக்க, மாடி மட்டும் பிரெஞ்சு பாணியில் எழும்பி நிற்கும் வீடுகளை அங்கே பார்க்கலாம். வெயிலில் திரை கண்ணாடியாக மின்னியதால் முதல் கால்மணி நேரம் யாராலும் எதையும் வரைய முடியவில்லை. பிறகு நிழலுக்கு நகர்ந்து, தாழ்வாரத்து மரத்தூண் ஒன்றை ஒரு மாணவி வரைந்ததை அருகிலிருந்து பார்த்தேன். அவள் பேனாவை மெல்ல வைத்தபோது மயிரிழையாகவும் அழுத்தியபோது தடித்தும் கோடு விழுந்தது. அழுத்தத்தை 4,096 படிகளாகப் பிரித்தறியும் பேனா அது. உள்ளங்கை திரையில் பட்டாலும் கறை விழுவதில்லை. பென்சில் கோடு ஓர் அடுக்கிலும் வண்ணம் வேறோர் அடுக்கிலும் இருப்பதால், வண்ணத்தை அழித்தாலும் கோடு அப்படியே நிற்கிறது.

அழித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் கோட்டுக்குத் துணிவு தருகிறது. அதே தைரியம், பாராமலே வரைந்துவிட்டு நூறு முறை அழிக்கும் பழக்கத்தையும் தந்துவிடுகிறது. எனவே எந்தப் படமாயினும் முதலில் தாளில் வரைந்து, ஆசிரியர் பார்த்த பின்னரே திரைக்கு வரவேண்டும் என்று விதித்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு இதில் சிறிது வருத்தம்தான்.

கற்க வேண்டியது கருவியோடு முடிவதுமில்லை. கடந்த ஆண்டுவிழா அழைப்பிதழில் நாங்களே தவறு செய்தோம். திரையில் பளிச்சென்றிருந்த கடல்நீலம் அச்சில் சாம்பல் பூத்து வந்தது. எழுத்துகளின் ஓரங்களும் பிசிறடித்தன. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகமோ நான்கு மைகளைக் கலந்து நிறம் காட்டுகிறது என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஏ4 தாளில் தெளிவாக அச்சிடப் படத்தின் அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508 புள்ளிகள் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இப்போது எங்களுக்கு நினைவூட்டுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவதென்று எண்ணுவோர், கடையில் பேனாவைக் கையில் வாங்கி மெதுவாகவும் அழுத்தியும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் ரப்பர் முனைக் குச்சி விரலின் வேலையைத்தான் செய்யும், அழுத்தத்தை அறியாது. இவ்வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றில் நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியாதாகையால், அதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். மென்பொருளுக்குச் செலவிடத் தேவையில்லை. வகுப்பில் பயன்படுத்தும் கிருதா, இங்க்ஸ்கேப் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் உள்ள சாதாரணக் கணினியிலும் இவற்றை நிறுவிப் பழகலாம்.

பள்ளிக் கருவிகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படா. கடற்கரைப் பயிற்சிக்குச் சென்று திரும்பினால், உப்புக்காற்றின் பிசுபிசுப்பு போக அன்றே துடைத்து வைக்கும் பொறுப்பு மாணவர்களுடையது. வரைந்தவற்றைச் சேமித்துக்கொள்ள ஒவ்வொருவரும் ஒரு பென்டிரைவும், வழக்கம்போல் கோடில்லாத ஓவிய நோட்டும் கொண்டுவர வேண்டும். வெளியிடங்களுக்குச் சென்று வரையும் பயிற்சிக்கான ஒப்புதல் படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
புதுச்சேரி