என் பாட்டுக்கு ஆசிரியர் இல்லையாம்!

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
ராயல்டி வசூல் பிரிவு,
சென்னை.

பொருள்: பாடலாசிரியர் பெயர் இல்லாமல் பாடல்களைப் பதிவு செய்தது, அதனால் வராமல் போன ராயல்டி – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் அம்மன் பாட்டு எழுதுகிறவள். என் பாடல்களின் உரிமையை நிர்வகிக்க உங்கள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். ஆண்டுக் கட்டணம் தனியாகக் கட்டுகிறேன், வசூலாவதில் கமிஷனும் உங்களுக்கு உண்டு. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் பாடல்களைப் பதிவு செய்வது, வெளிநாட்டுச் சங்கங்களுக்கு விவரம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, எஃப்.எம்., டி.வி., யூடியூப் கணக்குகளைச் சரிபார்ப்பது ஆகிய வேலைகளுக்குத்தான் இந்தப் பணம்.

ஆடி மாதம் முழுக்க எஃப்.எம்.மில் ஓடிய பாட்டுக்கு உங்கள் காலாண்டுக் கணக்கில் என் பங்கு பூஜ்யம். எக்செல் தாளை விரித்துப் பார்த்தேன். பாட்டின் தலைப்பு இருக்கிறது. இசையமைப்பாளர் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. பாடலாசிரியர் கட்டத்தில் மட்டும் ‘டிரெடிஷனல்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதாவது எழுதியவர் யாரென்று தெரியாத, காலங்காலமாகப் பாடப்பட்டு வரும் நாட்டுப்புறப் பாட்டு! அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் அம்மன் கோயிலுக்கு மினி பஸ் வருகிறது. தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்ததே 1997இல்தான். பதிவு செய்தவர் பாட்டை ஒரு தடவை கேட்டிருந்தால்கூட இது நடந்திருக்காது. அம்மன் பாட்டு, உடுக்கைச் சத்தம், கிராமத்து மெட்டு என்றதும் ‘இதை யார் எழுதியிருக்கப் போகிறார்கள்’ என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் தந்த விளக்கம் இன்னும் மோசம். “மேடம், கோயில் பாட்டுக்கெல்லாம் ராயல்டி வராது, சட்டத்துலயே விலக்கு இருக்கு” என்றார். விலக்கு இருப்பது உண்மைதான். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில், மெய்யான மதச் சடங்கின்போது பாட்டைப் பாடினாலோ ஒலிக்கச் செய்தாலோ அது உரிமை மீறல் ஆகாது என்று இருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கும் அப்படியே. கூழ் ஊற்றும் இடத்தில் மைக் செட் கட்டிப் போடுகிறவர்களிடம் நான் காசு கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அந்த விலக்கு சடங்குக்கு உரியது, சாமி பாட்டு என்ற வகைக்கு உரியதல்ல. விளம்பரத்துக்கு நடுவே அதே பாட்டைப் போடும் வானொலி நிலையத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? ராயல்டி வசூலிப்பதே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் இதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அப்புறம், “ஸ்ட்ரீமிங் பணம்தான் மாதாமாதம் வருதே” என்றும் சொல்லப்பட்டது. அது ஒலிப்பதிவுக்கான பணம். ஆல்பத்தை நானே செலவு செய்து வெளியிட்டதால் அது எனக்கு வருகிறது. நான் கேட்பது வரிக்கும் மெட்டுக்கும் உரிய பணத்தில் என் பங்கு. ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்று ஓர் எண், பாட்டு என்ற படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று வேறோர் எண். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசுவது விவரம் தெரியாதவரிடம் எடுபடலாம்.

இன்னொரு பாட்டை நீங்கள் இரண்டு தடவை பதிவு செய்திருக்கிறீர்கள். தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்தபோது ‘ழ’வுக்கு ஒன்றில் எல், இன்னொன்றில் இசட்-ஹெச். ஒரு பதிவில் என் பெயர் இருக்கிறது, மற்றதில் மறுபடியும் ‘டிரெடிஷனல்’. பங்கு விவரம் ஒன்றோடொன்று இடித்தால், தகராறு தீரும்வரை பணம் நிறுத்தி வைக்கப்படும். இப்போது அப்படித்தான் நிற்கிறது.

கடைசியாக உங்கள் மின்னஞ்சல். சில பாடல்களுக்கு நான் ‘ஒரே தடவை தொகை’ வாங்கிக்கொண்டதால் மேற்கொண்டு உரிமை இல்லை என்று ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைக் காட்டியிருக்கிறீர்கள். 2012இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 18ஆவது பிரிவைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். சினிமாவில் சேராத ஒலிப்பதிவில் இடம்பெறும் பாட்டுக்கும், உரிமையை வாங்கியவரோடு சரிபாதி ராயல்டி பெறும் உரிமை எழுதியவருக்கு உண்டு. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக்கொடுக்க முடியாது. அதற்கு மாறாகப் போடும் ஒப்பந்தம் செல்லாது. இதெல்லாம் அதே பிரிவில் உள்ளதுதான். அந்தத் திருத்தம் 21.06.2012 அன்று நடைமுறைக்கு வந்தது. நம் ஒப்பந்தம் அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியது.

எனவே, ‘டிரெடிஷனல்’ என்று பதிவான என் பாடல்கள் எல்லாவற்றிலும் பாடலாசிரியராக என் பெயரையும், படைப்பாளரை அடையாளம் காட்டும் ஐ.பி.ஐ. எண்ணையும் சேர்த்துத் திருத்தம் அனுப்புங்கள். இரட்டைப் பதிவை ஒன்றாக்குங்கள். இதுவரை விடுபட்ட காலாண்டுகளுக்கும் கோரிக்கை வையுங்கள். அதைக் கேட்பதற்கும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் பதிவுப் பிழையால் கெடு தாண்டிப்போகும் தொகையை நீங்கள்தான் ஈடு செய்ய வேண்டும். இந்த ஆண்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், செய்யாத வேலைக்கு வாங்கியது அது. ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்ற தானியங்கிப் பதில் வேண்டாம். திருத்தம் அனுப்பியதற்கான ஒப்புகை நகல் வேண்டும்.

கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் இது நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் அல்ல என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். பிழைப்புக்காக நான் செய்யும் சுயதொழிலுக்குத்தான் உங்கள் சேவையைப் பெறுகிறேன்.

இணைப்பு: காலாண்டுக் கணக்கின் நகல், வரிகளின் கையெழுத்துப் பிரதி, இரண்டு பதிவுகளின் பக்கங்கள், ஒப்பந்த நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாடலாசிரியர்.