கொங்கு நிலத்துக்குத் திரையில் ஒரு பெயர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியத் திரைப்படங்களில் நிலக்காட்சிகள் தேசிய அடையாளத்தை உருவாக்கிய விதம் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இமயமலை, கங்கைச் சமவெளி, கேரளத்துக் காயல் என்று ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பேசிய கட்டுரையாளர், தமிழ்ப் படங்களுக்கு வந்ததும் 'பசுமையான தமிழ்க் கிராமம்' என்ற ஒற்றைத் தொடரோடு நகர்ந்துவிட்டார். அந்தப் பசுமையில் பெரும்பகுதி கொங்கு நாட்டின் பொள்ளாச்சியிலும் கோபிசெட்டிபாளையத்திலும் படமாக்கப்பட்டது என்பதையும், அவ்வூர்கள் தம் சொந்தப் பெயரில் திரையில் வந்தது மிக அரிது என்பதையும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தென்மாவட்டச் சமூக வாழ்வைக் களமாகக் கொண்ட 'தேவர் மகன்' (1992) பொள்ளாச்சி வட்டாரத்தில் எடுக்கப்பட்டது. ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து அசல் தமிழ்க் கிராமத்தைக் காட்டியதாக இன்றும் போற்றப்படும் '16 வயதினிலே' (1977) பெரும்பாலும் கர்நாடகத்தின் கொள்ளேகால் பகுதியில் எடுக்கப்பட்டது. 'ஷோலே' (1975) படத்தின் வடநாட்டுக் கிராமம் பெங்களூருக்குப் பக்கத்து ராமநகரத்துப் பாறைகளுக்கு நடுவே எழுப்பப்பட்ட செட். இது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) டெக்சஸில் நடக்கும் கதை. படமாக்கப்பட்டதோ அரிசோனா, யூட்டா எல்லையில் நவஹோ பழங்குடியினருக்குரிய மான்யுமென்ட் வேலியில். அப்படத்தில் நவஹோ மக்களே கொமான்சி என்ற வேறொரு பழங்குடியினராக வேடமிட்டு நின்றார்கள். ஒரு தேசம் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைக்கு, அத்தேசத்தால் ஒடுக்கப்பட்டவர்களின் மண்ணே பெயரில்லாத பின்புலமாயிற்று என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

படப்பிடிப்புக்கு வசதியான இடத்தைத் தேடிப் போவதை நான் குறை கூறவில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதனால் பிழைப்பும் நடந்திருக்கிறது. ஆனால் எந்த நிலம் 'நம் நாடு' என்று காட்டத் தகுதியானது, எது தகுதியற்றது என்ற தேர்வு அதற்குள்ளேயே நடந்துவிடுகிறது. கேமராவுக்குப் பிடித்த பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் பெரும்பகுதி பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்து வாய்க்கால் தண்ணீரில் செழித்தவை. அத்திட்டத்தின் அணைகள் எழுந்ததே 1960களை ஒட்டித்தான். கோபியின் நெல்வயல்கள் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் பாசனத்தில் விளைபவை. அவை இரண்டும் கொங்கு நாட்டின் பாசனப் பகுதிகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கும் காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்து மானாவாரி நிலம் திரையில் தேடினாலும் கிடைக்காது.

அந்த நிலத்தில் கொரங்காடு என்றொரு ஏற்பாடு உண்டு. அது உழுது விதைக்கும் வயலும் அல்ல, யாரும் கவனிக்காத தரிசும் அல்ல. தலைமுறைகளாகப் பேணி வரும் மேய்ச்சல் காடு. முள்கிளுவை மரத்தின் போத்துகளை (கிளைத் துண்டுகளை) நெருக்கமாக நட்டு வளர்த்த உயிர்வேலி நான்கு புறமும் நிற்கும். ஆளும் மாடும் நுழையக் கடவில் ஒரு படல் இருக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல் முளைத்துக் கிடக்க, இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தரும். புல் காய்ந்து போகும் கோடையில் அம்மரங்களின் நெற்று உதிர்ந்து ஆடுமாடுகளுக்குத் தீனியாகும். ஒரு காட்டில் மேய்ந்த மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றி, மேய்ந்த இடத்தில் புல் மீண்டும் தழைக்க அவகாசம் கொடுப்பார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்ட நாட்களில் காங்கயம் காளை தமிழரின் அடையாளங்களில் ஒன்றாக ஊரெங்கும் பேசப்பட்டது. அக்காளையை வளர்த்தது இந்தக் கொரங்காடு. காளையைத் தெரிந்த அளவுக்கு அது மேய்ந்த காட்டைத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனதற்கு நம் சினிமாவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் திரைப்படங்களில் வறண்ட நிலம் வந்தால் பஞ்சம் வரும், இல்லாவிட்டால் அரிவாள் வரும். வெடித்த மண்ணைக் காட்டிவிட்டு, அங்கு வாழ்பவர்கள் ஒன்று இரங்கத்தக்கவர்கள், அல்லது கொடியவர்கள் என்று தீர்ப்பெழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்த இலக்கணம் நம்முடையது. அவ்விலக்கணத்தின்படி கால்நடையும் மேய்ச்சலும் காத்திருத்தலுமாக நிற்கும் கொரங்காடு முல்லை. கேமரா அதைப் பாலையென்றே கண்டு ஒதுக்குகிறது.

இத்தனைக்கும் தமிழ் சினிமா வளர்ந்த மண் இது. 1930களிலும் 40களிலும் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் படம் படமாக எடுத்துத் தள்ளின. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸின் தயாரிப்பு. ஆனால் அக்காலம் செட்டுகளின் காலம். அரண்மனையும் நந்தவனமும் அட்டையிலும் சுண்ணாம்பிலும் எழுந்தன, மதில் சுவருக்கு வெளியே கிடந்த காடு படச்சுருளில் பதியவில்லை. பின்னாளில் கேமரா வெளிப்புறத்துக்கு வந்தபோது தொழில் சென்னைக்குப் போயிருந்தது. எங்கள் நிலம் வேறு ஊரின் பெயரில் நடிக்கத் தொடங்கியது. இலக்கியத்தில் நிலைமை வேறு. ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் 1942லேயே கொங்கு மண்ணையும் அதன் பேச்சையும் அவற்றின் இயல்போடு எழுதிவிட்டார். திரையில் கொங்குப் பேச்சு பெரும்பாலும் சிரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதையும் வருத்தத்தோடு இங்கே குறிப்பிடுகிறேன்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. திரை விமர்சனங்களில் இயக்குநர், ஒளிப்பதிவாளர் பெயர்களோடு படம் எடுக்கப்பட்ட ஊர்களின் பெயர்களையும் தவறாமல் வெளியிட வேண்டும். அடுத்து, பொள்ளாச்சியிலும் கோபியிலும் படக்குழுக்களுக்கு வீடும் வண்டியும் மாடும் தோப்பும் ஏற்பாடு செய்து கொடுத்த உள்ளூர்க்காரர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். எந்தப் படத்தின் எந்தக் காட்சி எந்தத் தோட்டத்தில் எடுக்கப்பட்டது என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது. தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்து, அதை ஒரு தொடராக வெளியிட முடியுமானால், இப்பகுதி வாசகர்கள் தோட்டம் தோட்டமாகக் கூட வந்து காட்டக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.