கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்ற சிஸ்டருக்கு

சிஸ்டர்,

கட்டுவிரியன் பாம்பு கடித்து வென்டிலேட்டரில் கிடந்த தம்பியின் தொண்டையிலிருந்து இன்று காலை சுவாசக் குழாயை எடுத்துவிட்டோம். தண்ணீர் கேட்டுக் குடித்தார். உங்கள் குரல் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. முகத்தை இன்றுதான் பார்த்தார். இத்தனை நாள் பட்டபாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் நாள் இரவை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கண்மணி இரண்டும் விரிந்து கிடந்தன, டார்ச் அடித்தும் சுருங்கவில்லை. தலையைத் திருப்பினால் விழி அசையவில்லை. இருமலும் இல்லை. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் வாயில் 'மூளைச்சாவு' என்ற சொல் வந்தேவிட்டது. நீங்களோ சளி உறிஞ்சும் முன் ஒவ்வொரு முறையும் காதருகே குனிந்து, "தம்பி, குழாய் விடப்போறேன், கொஞ்சம் எரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டீர்கள். அப்புறம் போர்வையை விலக்கி, "கேக்குதுன்னா கால் கட்டைவிரலை அசைப்பா" என்றீர்கள். நூலளவு அசைந்தது. மறுபடி கேட்டீர்கள், மறுபடி அசைந்தது.

கட்டுவிரியன் விஷம் நரம்பு முனைகளைத்தான் முடக்கும், மூளையை அல்ல. வாதம், அதாவது தசைகளின் செயலிழப்பு, இமையில் தொடங்கிக் கீழே இறங்கும். விரல் நுனியில் கடைசிவரை கொஞ்சம் அசைவு மிஞ்சலாம். அந்த வாதம் இருக்கும்வரை மூளைச்சாவுச் சோதனைகளுக்குப் பொருளே இல்லை. உள்ளே முழு நினைவோடு ஓர் ஆள் ஊசி வலியைத் தாங்கிக்கொண்டு, நாம் பேசுவதையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். தூக்க மருந்தையும் வலி மருந்தையும் அன்றிரவுதான் சரியான அளவுக்குக் கொண்டுவந்தோம். முன்பே செய்திருக்க வேண்டும். கருவிழி உலராமல் களிம்பிட்டு இமையை மூடி டேப் ஒட்டியதும் நீங்கள்தான்.

விடிகாலை வயிற்றுவலி என்று வந்தவரின் தொங்கிய இமையைக் கவனித்த ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் நன்றி. கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையும் சரியாகவே இருந்தது. ஆனாலும் பாம்புக்கடியோ என்று சந்தேகித்து, "ராத்திரி தரையிலா படுத்திருந்தார்?" என்று கேட்டு, ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு, 10 குப்பி விஷமுறிவு மருந்தை ஏற்றினார். நரம்பு முனையில் ஏற்கெனவே ஏறிய விஷத்தை அந்த மருந்து இறக்காது, இனி ஏறுவதைத்தான் தடுக்கும். அதனால் அவர் தாமதிக்காமல் ஏற்றியது பெரிது. 108 வண்டியில் 5, 6 விநாடிக்கு ஒருமுறை மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வந்தவருக்கும், ரத்தப் பரிசோதனைக் கூடத்தாருக்கும், இரவெல்லாம் வாசலில் காத்திருந்த ஊர்க்காரர்களுக்கும் நன்றி.

இனி கட்டுவிரியன் கடித்து வென்டிலேட்டரில் கிடப்பவர் எவராயினும், தலைமாட்டில் 'இவருக்குக் காது கேட்கும்' என்று எழுதி ஒட்டப்போகிறோம். முதல் அட்டையை உங்கள் கையாலேயே எழுதித் தாருங்கள், சிஸ்டர்.

தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள்