54 கிலோவுக்கு எத்தனை நாள் பட்டினி?

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு வைத்துவிடுகிறோம். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கிரோன்ஸ் குடல் நோய்க்குப் பட்டினிதான் மருந்து என்று ஐந்து நாள் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் மட்டும் எடுத்துக்கொண்டாய், வலி விட்டது, நாளைக்கு ஏழெட்டுத் தடவை கழிவறைக்கு ஓடியது நின்றேபோனது என்று சொன்னாய். உன் குரலில் அப்படி ஒரு தெம்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. வலியில்லாமல் தூங்கி எழுந்தவனிடம் போய் 'அப்படி இருக்காதே' என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அடுத்தது பத்து நாள் என்கிறாயே, அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

உள்ளே ஒன்றும் போகவில்லை, அதனால் வெளியே ஒன்றும் வரவில்லை. மழை விட்டால் கூரை ஒழுகாது, அதற்காக உடைந்த ஓடுகளை மாற்றியாகிவிட்டது என்று அர்த்தமா? சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உனக்கு இருக்கும் புண் ஆறியதா இல்லையா என்பதை வயிறு சொல்லாது. கிரோன்ஸ் நோயின் குணமே அதுதான், வலி இல்லாத நாட்களிலும் அழற்சி உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். மலத்தில் கால்ப்ரொடெக்டின், அதாவது குடல் அழற்சியைக் காட்டும் புரதம், எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும். 250க்கு மேல் போனாலே புண் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அதையும் பட்டினியோடு பார்க்காதே, ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்.

அடுத்தது உன் எடை. 175 சென்டிமீட்டர் உயரத்துக்கு 58 கிலோ இருந்தாய், அதுவே கம்பிதான். இப்போது 54. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 17.6. குறைந்த நாலு கிலோவில் பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கலாம், சரி. மீதி எது? ஈரலில் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும், கொழுப்பிலிருந்து உடம்பு செய்துகொள்ளும் மாற்று எரிபொருளான கீட்டோன் முழுசாகக் கைகொடுக்கச் சில நாளாகும். அதுவரை உடம்பு தசையைக் கரைத்துத்தான் சர்க்கரை செய்கிறது. முதல் நாட்களில் ஒரு சராசரி ஆளுக்கு நாளொன்றுக்கு 75 கிராம் புரதம் வரை போகும், தசைக் கணக்கில் கால் கிலோவுக்கு மேல். உடம்பில் அழற்சி இருந்தால் இப்படித் தசை கரைவது இன்னும் மோசம்.

நீ உதாரணம் காட்டினாயே அந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கஸ் பார்பியரி, 1965-66இல் 382 நாள் சாப்பிடாமல் இருந்தவர். அவர் தொடங்கும்போது 207 கிலோ! முடிக்கும்போது 82. டண்டீ ஆஸ்பத்திரி டாக்டர்கள் வைட்டமினும் பொட்டாசியமும் கொடுத்து, ரத்தம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் முடித்த எடைக்கு வரவே நீ 28 கிலோ ஏற வேண்டும், தம்பி. நானும் வருஷா வருஷம் சஷ்டிக்கு விரதம் இருக்கிறவள்தான். ஆனால் எனக்கு மாலையில் பாலும் பழமும் உண்டு, இடுப்பில் ஒரு மாதத்துக்கான கையிருப்பும் உண்டு. உன் ஆச்சி சொல்லும் 'லங்கணம் பரம ஔஷதம்', பட்டினியே பெரிய மருந்து என்பது, காய்ச்சலுக்கும் அஜீரணத்துக்கும் ஒரு வேளை, இரண்டு வேளை. அதை இதற்கு இழுக்காதே.

பட்டினி குடலைத் தேற்றும் என்று நீ அனுப்பிய எலி ஆராய்ச்சியையும் படித்தேன். உன் தங்கை உட்கார்ந்து விளக்கினாள். 2019இல் வால்டர் லாங்கோ குழு செய்தது. குடல் கெட்டிருந்த எலிகளுக்கு, கலோரி குறைந்த தாவர உணவை நாலு நாள் கொடுத்து, பிறகு வழக்கமான தீனி, மறுபடியும் அதே சுற்று. அதில் குடல் தேறியது. வெறும் தண்ணீரோடு விட்ட எலிகளுக்கு அழற்சி குறைந்தது, ஆனால் கெட்டுப்போன குடல் அதுபோல் திரும்பவில்லை. இது நீ அனுப்பிய தாளிலேயே இருக்கிறது! செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்று புதுப்பித்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜிக்கு ஜப்பான் விஞ்ஞானி ஓசுமி 2016இல் நோபல் வாங்கியது உண்மைதான், அவர் பார்த்தது ஈஸ்ட்டில். உங்கள் ஜெர்மனியில் புகிங்கர் முறை உபவாச நிலையங்கள் இருக்கின்றன என்றாய். அங்கேகூட சூப்பும் பழச்சாறும் உண்டு, டாக்டர் உண்டு, உடல் மெலிந்து உருக்குலைந்தவர்களுக்குக் கூடாது என்ற விதியும் உண்டு.

எனக்கு நிஜமான பயம் பட்டினியில் இல்லை, அதை முடிக்கும் இடத்தில். எதில் முடித்தாய் என்று கேட்டேன். பிரியாணி என்றாய். எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றது. பல நாள் சாப்பிடாத உடம்புக்குள் திடீரென்று மாவுச்சத்து போனால் இன்சுலின் குதிக்கும். ரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். இரண்டாம் உலகப் போர் முடிந்து மீட்கப்பட்ட கைதிகளில் சிலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான் இறந்தார்கள். வார்டில் பல நாள் பட்டினி கிடந்தவர் வந்தால் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றக்கூடாது என்பது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எங்களுக்கு மனப்பாடம். பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே, ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடவில்லை, இந்த இரண்டும் சேர்ந்தாலே ஆபத்துக் கணக்கில்தான் வைப்பார்கள். பத்து நாள் இருந்தால் நீ நேராக அந்தக் கணக்கில் போய் நிற்பாய். அதோடு, குடல் எங்கேயாவது சுருங்கியிருந்தால் ஒரு தட்டு பிரியாணியே அடைத்துக்கொள்ளும்.

நோய் எதிர்ப்பை அடக்கி அழற்சியைக் குறைக்கும் உன் மாத்திரை அசதயோபிரினை நிறுத்திவிடலாமா என்று கேட்டாய். கூடாது. அது வேலை காட்டவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதேபோல் நிறுத்தினாலும் உடனே தெரியாது. அந்த இடைவெளியில் நன்றாக இருப்பதையெல்லாம் பட்டினியின் கணக்கில் எழுதிக்கொள்வாய். இன்னொன்று, இந்த நோய்க்காரர்களுக்கு ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைவது மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம், நீர் வற்றினால் இன்னும் கூடும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் எனக்குப் போன் போடாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

குடலுக்கு ஓய்வு வேண்டும் என்று நீ நினைப்பதில் தப்பில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் வரை வேறு உணவே இல்லாமல், எல்லாச் சத்தும் அளவாகக் கலந்த மருத்துவ பானம் மட்டும் குடிப்பது. கிரோன்ஸ் வந்த குழந்தைகளுக்கு ஸ்டீராய்டுக்கு முன்னால் இதைத்தான் யோசிப்பார்கள், புண்ணும் ஆறுகிறது, எடையும் ஏறுகிறது. பெரியவர்களுக்கு அந்த ருசி சீக்கிரம் வெறுத்துப்போகும், அதுதான் சிக்கல். நீ பிரியாணியை விட்டு ஐந்து நாள் இருந்தவன், உன்னால் முடியும். உன் டாக்டரிடம் இதைக் கேள். நீயாகக் கடையில் புரதப் பொடி வாங்கி ஆரம்பிக்காதே.

டாக்டரைப் பார்க்கும்வரை இரவு பன்னிரண்டு மணி நேரம் வயிற்றைச் சும்மா விடு, அதில் எனக்குத் தகராறு இல்லை. பகலில் குழைந்த சோறு, தோல் நீக்கிய பாசிப்பருப்பு, முட்டை, முள்ளில்லாத மீன், ஒத்துக்கொண்டால் தயிர். புரதம் மட்டும் நாளைக்கு 65 முதல் 80 கிராம் வரவேண்டும், எழுதிவைத்துக்கொண்டு சாப்பிடு.

இந்த வாரமே ரத்தம் கொடு. பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட், பி12, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எல்லாம் சேர்த்து. ரிசல்ட்டை 'நார்மல்' என்று ஒரு வார்த்தையில் சொல்லாமல் முழுத்தாளையும் படம் எடுத்து அனுப்பு. ஜெர்மனில் இருந்தாலும் பரவாயில்லை.

அம்மா